கரையை வெட்டப் போன காடு

ஒரு காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. அந்தக் காட்டில் ராஜா கிடையாது. எதையும் எல்லா விலங்குகளும் கூடித்தான் முடிவு செய்யும். சம்மதம் என்றால் இலுப்பை மரத்துக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் இடப்பக்கம்.

ஒரு கோடையில் காட்டுப்பன்றி கூட்டத்தைக் கூட்டியது.

"ஏரிக்கரையை வெட்டிவிடுவோம். தண்ணீர் உங்கள் வாசலுக்கே ஓடி வரும். இனி யாரும் வெயிலில் நடக்க வேண்டாம்" என்றது.

எல்லோருக்கும் இனித்தது. பெண்மானுக்கு ரொம்பவே இனித்தது. அது மேற்கு மேட்டில் குடியிருந்தது. தினமும் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு வருவதற்குள் குட்டி துவண்டுவிடும்.

மைனா கிளைக்குக் கிளை பறந்து, "கரையை வெட்டக் கூடாது என்பவர்கள் தண்ணீரைப் பதுக்கப் பார்க்கிறார்கள்" என்று பரப்பியது. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் மொத்தமும் வலப்பக்கம் போய் நின்றது. முள்ளம்பன்றி மட்டும் மரத்தடியிலேயே நின்றது.

"கரையை வெட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டது.

யாருக்கும் தெரியவில்லை. காட்டுப்பன்றி உறுமியது. "நல்லது நடக்கக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள்."

பெண்மானுக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன, உன் வளை ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் பிள்ளை படும் பாடு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அக்கா. தண்ணீர் எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து நிற்போமே."

"சரி, வா. பார்த்த பிறகாவது உன் வாய் அடங்கட்டும்" என்று மான் முன்னால் நடந்தது. மற்றவையும் முணுமுணுத்துக்கொண்டே பின்தொடர்ந்தன.

கரைமேல் ஏறியதும் மான் சுற்றிலும் பார்த்தது. மேற்கே தன் வீட்டுப் பக்கம் நிலம் உயர்ந்துகொண்டே போனது. கிழக்கே பள்ளம். அங்கே காட்டுப்பன்றியின் கூட்டம் காய்ந்த மண்ணைக் கிளறிக் கிழங்கு தேடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு விளாம்பழம் கிடந்தது. மான் அதை மூக்கால் மெல்லத் தள்ளியது. பழம் உருண்டு உருண்டு கிழக்குப் பள்ளத்தில் போய் விழுந்தது.

மான் காட்டுப்பன்றியின் பக்கம் திரும்பி, "அண்ணே, தண்ணீர் மேடேறி வருமா?" என்று கேட்டது.

"அது... முதலில் கரையை வெட்டுவோம். உங்கள் பக்கத்துக்குப் பிறகு வழி பண்ணிக்கொள்ளலாம்" என்று இழுத்தது காட்டுப்பன்றி.

"அதுவரை எங்கள் பிள்ளைகள் எதைக் குடிக்கும்?"

மைனா சத்தமில்லாமல் வேறு மரத்துக்குப் போனது.

எல்லோரும் இலுப்பை மரத்துக்குத் திரும்பினார்கள். மான்தான் முதலில் இடப்பக்கம் போய் நின்றது. பிறகு முயல், கீரி, குரங்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. கரை தப்பியது.

அன்று மாலை மான் முள்ளம்பன்றியின் வளைக்கு வந்தது. "எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டிவிட்டேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் ஏரியை நானே தொலைத்திருப்பேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை" என்றது.

"திட்டினாலும் நடந்து வந்தீர்களே அக்கா, நான்தான் நன்றி சொல்ல வேண்டும். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?" என்றது முள்ளம்பன்றி. "இந்தப் புதரில் நல்ல நிழல் இருக்கிறது. மழை வரும்வரை குட்டியோடு இங்கேயே இருந்துவிடுங்கள்."

அந்த வருடம் மழை வர வெகுநாளானது. ஆனாலும் ஏரி வற்றவில்லை. காட்டுப்பன்றியும் தன் குட்டிகளோடு அங்கேதான் வந்து குடித்தது. மான் நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பவரும், கோபத்தோடாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவரும் இருக்கும்வரைதான் மக்களாட்சி நிலைக்கும்.