மகள் பிளாக் செய்த அப்பா

ஆசிரமத்துக் குரு வாலாம்பிகைக்கு வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அப்பா வயது. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று காலை தணிகாசலம் வந்ததும் வராததுமாக குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

“ஒரே குழப்பமா இருக்கும்மா. கேக்கவே கூச்சமா இருக்கு.”

“கூச்சப்பட்டுக்கிட்டே கேளுங்க.”

விஷயம் இதுதான். மகள் பூரணி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். அவள் சமூக வலைத்தளத்தில் போட்ட கல்யாணப் படத்துக்குக் கீழே, ஊரே பார்க்கும்படி, இவர் கன்னாபின்னாவென்று திட்டி எழுதினார். அவள் இவரை பிளாக் செய்துவிட்டாள். மனுஷன் அதோடு சும்மா இருந்தாரா? பெயர் காட்டாமல் அடுத்தவர் பக்கத்தைப் பார்க்க ஏதோ ஆப் இருக்கிறதாம். அதைப் போனில் ஏற்றிக்கொண்டார். வலைத்தளக் கம்பெனிக்காரன் அதை முடக்கினால் வேறொன்றைத் தேடிப் பிடிப்பார்.

“அவளுக்கு வளைகாப்பு ஆயிருக்கும்மா. கை நிறைய வளையலோட நிக்கிறா. பார்த்து அழுதுட்டேன். நல்லா இரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாளே? அவ மூடினது தப்பா, நான் பாக்கறது தப்பா? தலையும் புரியலை, வாலும் புரியலை.”

வாலாம்பிகை எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

தணிகாசலத்துக்குத் திக்கென்றது. கோபமா? உடம்புக்கு ஏதாவதா? கதவருகே போய் நின்றார். கூப்பிட்டார். சத்தமே இல்லை. பொறுக்கமாட்டாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். அங்கே ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

எட்டிப் பார்த்தார். குரு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்றிருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

சற்று நேரத்தில் குரு எழுந்தார். கதவைத் திறந்தார். வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார்.

“தணிகாசலம் ஐயா!”

பதில் சொன்னால் எட்டிப் பார்த்தது தெரிந்துபோகும். தணிகாசலம் மூச்சுக்கூட விடவில்லை.

குரு இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டார்.

தணிகாசலம் அரக்கப் பரக்க முன்பக்கம் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

“எங்க போயிட்டீங்க? கூப்பிட்டேனே.”

“ஜன்னல்கிட்ட நின்னேம்மா.”

“காதுல விழலையா?”

“விழுந்துது. வாய்தான் வரலை.”

குரு அவரை உட்காரச் சொன்னார்.

“உங்க சொந்தப் பேர்ல போய் மகளோட பக்கத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?”

“அதுலதான் பிளாக் பண்ணிட்டாளேம்மா. அன்னைக்கு விட்டவன்தான், அப்புறம் நான் எதுக்கு…”

பேச்சு பாதியில் நின்றது. போனை எடுத்தார். தன் பெயரில் உள்ளே போய்ப் பூரணியைத் தேடினார்.

பக்கம் திறந்தது. தடை எதுவும் இல்லை. வளைகாப்புப் படம் முதலிலேயே இருந்தது.

“ஐயோ அம்மா! பிளாக்கை எடுத்துட்டா! எப்ப எடுத்தான்னே தெரியலையே! என்னைக்கு எடுத்திருப்பா?” என்று குழந்தை மாதிரி அழுதார்.

“அதை அவகிட்டதான் கேக்கணும்” என்றார் குரு.