ஏரியில் முழுகிய காரின் சாட்சி

சேர்மன் தணிகாசலத்தின் பழைய கார் ஏரிக்குள் பாய்ந்ததில் டிரைவர் செத்துப்போனான். குடித்துவிட்டு அவன்தான் தனியாக ஓட்டினான் என்று ஊரையே நம்பவைத்த சேர்மன், இப்போது காரை விற்கப் பார்த்தார்.

“நனைஞ்ச இன்ஜின் கம்ப்யூட்டருக்கு இன்னைக்கே உயிர் வரணும். இல்லேன்னா உன் ஷெட்டுக்குப் பூட்டுதான்” என்று எலக்ட்ரீஷியன் மரகதத்தை மிரட்டினார்.

மரகதம் அந்தப் பெட்டியைக் காயவைத்து, ஈயம் பற்றவைத்து மாட்டினாள். “கடைசியா வண்டியில எத்தனை பேர் இருந்தாங்கன்னு இது விளக்கை மினுக்கிச் சொல்லுங்கய்யா.”

கார் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒருமுறை மினுங்கியது. மாதம் ஒன்றாகியும் காயாத சீட்டிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியது. விளக்கு இரண்டாம் முறை மினுங்கியது.

“பொய்! முழுகறதுக்கு முன்னாடியே நான் ஸ்டீயரிங்கை விட்டுக் குதிச்சிட்டேன்!” என்று சேர்மன் அலறினார்.

“ரெண்டு மினுக்கல்னா சென்சார் கோளாறுங்க. ஆள் எண்ண இதுக்குத் தெரியாது” என்றபடி மரகதம் பேட்டரி வயரைக் கழற்றினாள்.

கழற்றிய பிறகும் விளக்கு மினுங்கியது. ஒரே ஒருமுறை, கடைசிவரை உள்ளேயே இருந்தவனுக்காக.