சுவர் விழுங்கிய மார்பிள் கல்

எங்கள் சபையில் ஆண்டவருக்கு அடுத்தபடியாக எல்லாம் தெரிந்தவர் செயலாளர் ஞானாதிக்கம்தான். சில நாள் அந்த வரிசையும் மாறும். கோயிலில் ஃபேன் றெக்கை முதல் பிரசங்க மேடை வரை அவர் 'உபயம்' எழுதாத இடமில்லை. இந்த வருஷம் மணிக்கூண்டு கட்டிக்கொடுத்தார். கூடவே பட்டங்களோடு தன் பெயர் வெட்டிய மார்பிள் கல்லையும் இறக்கினார்.

கோயிலைக் கூட்டி மணியடிக்கும் பாக்கியமுத்துவைக் கூப்பிட்டார்.

"இது மனுஷர் பார்க்க இல்லலே. ஆண்டவர் ஒருத்தர் பார்த்தாப் போதும். அவர் கண்ணு முதல்ல படுற இடமாப் பார்த்துப் பதி. தப்பா வச்சே, உனக்கு வேலை கிடையாது."

"எங்கும் நிறைஞ்சவருக்கு முதல் இடம் எது அண்ணாச்சி?"

"அது உன் பாடு."

பிரதிஷ்டை அன்று பிஷப் வந்தார், சபையே கூடியது. ஞானாதிக்கம் கூண்டை மூன்று சுற்று சுற்றினார். வெள்ளைச் சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் காணோம்.

"கல்லு எங்கலே?"

"சுவருக்குள்ள வச்சுப் பூசிட்டேன் அண்ணாச்சி. மனுஷன் பார்க்காத இடத்துலதானே அவர் கண்ணு முதல்ல படும்? அவருக்கு மறைவான இடமே இல்லன்னு போன வாரம் நீங்கதான் பிரசங்கம் பண்ணுனீங்க."

"மடப்பயலே, சுவருக்குள்ள இருந்தா எவம்லே பார்ப்பான்?"

பாக்கியமுத்து பவ்யமாகக் கை கட்டிக்கொண்டு கேட்டார்:

"பிஷப் ஐயா முன்னால ஆண்டவருக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லலாமா அண்ணாச்சி?"

பிஷப் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தினமும் அதன்மேல் சாய்ந்துதான் பாக்கியமுத்து மணியடிக்கிறார்.