பூவாத்தாளின் வெள்ளைக் குட்டி

இந்தக் கதையில் எங்காவது தப்பு விட்டுவிடுவேனோ என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. நரியை முதலில் சொன்னால் முயல் பின்னுக்குப் போய்விடுகிறது. முள்ளம்பன்றியை மறந்துவிட்டால் கதை முடியவே முடியாது. அதனால் முயலிலிருந்து தொடங்குகிறேன். முள்ளம்பன்றியை நான் விட்டுவிட்டால் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஒரு காட்டில், தாமரைக் குட்டையின் கரையில், பூவாத்தாள் என்ற முயல் வளை தோண்டி வாழ்ந்து வந்தாள். புருஷன் பெயர் மாரப்பன்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முயல்குட்டி வளர்ந்ததும் மானோ மயிலோ பன்றியோ வந்து அதைக் காவலுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆபத்து வரும் சத்தம் கேட்டால் முயல் பின்னங்காலால் தரையைத் தட்டும். எல்லோரும் ஓடிவிடலாம். விலையாகத் தாய்முயலுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரும்.

வாங்குவதற்கு முன்னால், குட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒரு காய்ந்த சருகைப் போட்டுப் பார்ப்பார்கள். காது திரும்பினால் கூட்டிப் போவார்கள். திரும்பாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் அம்மாவோடு இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

பூவாத்தாள் வீட்டில் எல்லோரும் மண் நிறம். ஆனால் காது பிரமாதம். மூத்த மகள் நொச்சி, அக்கரையில் தவளை கொட்டாவி விட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பாள்.

அப்போதுதான் நரித் தரகர் அந்தக் காட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு கொடியைத் துண்டு மாதிரி போட்டிருந்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கலர் முயலுக்கு மாறி வருஷக்கணக்காச்சு. நீங்க இன்னும் மண்ணையே வித்துக்கிட்டு இருக்கீங்களே" என்றார்.

பக்கத்து வளை செவந்திக்கு அந்த முறை தற்செயலாக ஒரு வெள்ளைக் குட்டி பிறந்திருந்தது. தரகர் அதை மயிலிடம் கூட்டிப் போனார். ஒரு குவியல் கிழங்கு வந்தது. செவந்தி உடனே தன் பெண்ணுக்கு வெள்ளை மாப்பிள்ளையாகத் தேடிக் கட்டிவைத்தாள். அடுத்த ஈற்றில் வளை முழுக்க வெள்ளை. பன்றி ஒன்று வாங்கியது. கீரி ஒன்று வாங்கியது. சருகு போடுவதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். "என்ன கலர்?" என்பதுதான் ஒரே கேள்வி.

முள்ளம்பன்றி பெரியண்ணனிடமும் தரகர் போய்க் கேட்டார்.

"எனக்கு எதுக்குங்க காவல்? என் முதுகு பூரா காவல்தான்" என்றார் பெரியண்ணன்.

தரகர் பூவாத்தாளிடம் வந்தார். "நொச்சிக்கு இன்னும் இடம் அமையலையா அம்மிணி?"

"அவளுக்கு நல்ல காதுங்க."

"காதை யாரு பாக்கறாங்க? காது எல்லாருக்கும் ரெண்டுதானே."

பூவாத்தாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்போது அவள் மறுபடி சினையாக இருந்தாள். அன்றிலிருந்து புல்லை விட்டுவிட்டுத் தும்பைப்பூவாகத் தின்ன ஆரம்பித்தாள். வெள்ளைப் பூவைத் தின்றால் வெள்ளைக் குட்டி பிறக்கும் என்று செவந்தி சொல்லியிருந்தாள். இடையிடையே இரண்டு சங்குப்பூவும் தின்றாள். ஒருவேளை நீலம் விழுந்தாலும் விழட்டும் என்றுதான்.

"நானும் மண்ணு, நீயும் மண்ணு. பூவைத் தின்னா வயித்துவலிதான் பிறக்கும்" என்றான் மாரப்பன்.

ஐந்து குட்டிகள் பிறந்தன. செய்தி கேட்டு மறுநாளே தரகர் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றின் மேலும் ஒரு முடி இல்லை.

"இது என்ன கலருங்க அம்மிணி?"

பூவாத்தாள் தயங்கினாள். பிறகு துணிந்து, "ரோஸ்" என்றாள்.

"முடி முளைக்கட்டும், வர்றேன்" என்று தரகர் போய்விட்டார்.

முடி முளைத்தது. நான்கு மண். ஒன்று வெள்ளை! எந்தத் தலைமுறைப் பாட்டன் நிறமோ, தப்பிப் பிழைத்து வந்திருந்தது. பூவாத்தாள் தும்பைப்பூ என்றே நம்பினாள். அதற்கு வெள்ளையப்பன் என்று பெயர் வைத்தாள்.

வெள்ளையப்பன் வளர்ந்ததும், நிறைமாதமாக இருந்த புள்ளிமான் தேனம்மா அவனை வாங்கிக்கொண்டு போனாள். சருகு போடவில்லை. "பாலு மாதிரி இருக்கான்" என்றாள். பூவாத்தாள் வளை நிறையக் கிழங்கு. நொச்சிதான் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் மயிலின் வாலில் பாதியைக் காணோம். பன்றிக்குட்டி ஒன்று காதில் கடிபட்டுத் தப்பி வந்தது. கெட்ட நேரம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பூவாத்தாள் மட்டும் மகனை நினைத்துக்கொண்டாள். தேனம்மா கன்று போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு இன்னும் ஓடத் தெரியாது. பக்கத்தில் காவலுக்கு இருப்பது தன் மகன்.

ஒரு மாலை, மகனை எட்ட நின்றாவது பார்க்கலாம் என்று குட்டைக்கு மேலிருந்த பாறையில் ஏறினாள். அங்கே தரகர் உட்கார்ந்திருந்தார்.

"இங்கிருந்து பாருங்க அம்மிணி. உங்க பையன் எவ்வளவு அழகாத் தெரியறான்" என்றார். நாக்கு ஒரு சுற்று சுற்றி வந்தது.

பூவாத்தாள் பார்த்தாள். பச்சைப் புல்வெளியில் ஒரு வெள்ளைப் புள்ளி. புல்லோடு புல்லாகப் படுத்திருந்த மான்கன்று கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அது எங்கே என்று வெள்ளைப் புள்ளி சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் மயில் வீட்டுப் புள்ளி. இந்தப் பக்கம் பன்றி வீட்டுப் புள்ளி. வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது.

"பொழுது சாயட்டும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரணும்" என்றார் தரகர்.

பூவாத்தாள் "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாக இறங்கினாள். பாறை மறைந்ததும் பறந்தாள். நொச்சியைக் கூட்டிக்கொண்டு தேனம்மாவிடம் போனாள். வெள்ளையப்பனைப் பிடித்துக் குட்டைச் சேற்றில் ஒரு புரட்டுப் புரட்டினாள்.

"அடப்பாவமே, புத்தம்புது முயலை இப்படியா பண்ணுவீங்க?" என்று தேனம்மா பதறினாள்.

"குளிச்சா கலர் வந்துடும் அக்கா. கன்னு போனா வருமா?" என்று பூவாத்தாள் பாறையைக் காட்டினாள். தேனம்மா தானும் குளம்பால் சேற்றைத் தள்ளிக் கொடுத்தாள்.

வெள்ளை திடீரென்று மறைந்தால் நரி சும்மா இருக்குமா? தேடிக்கொண்டு வரும். அதற்கு வேறொரு வெள்ளையைக் காட்ட வேண்டும். அதனால் பூவாத்தாள் இலவமரத்தடியில் கிடந்த பஞ்சை வாரிக்கொண்டு பெரியண்ணனிடம் ஓடினாள். பார்த்தீர்களா, முள்ளம்பன்றியை நான் மறக்கவில்லை.

"என் முதுகுல பஞ்சா? பொறந்ததுல இருந்து யாருமே என் முதுகைத் தொட்டதில்லையே" என்று பெரியண்ணன் நெகிழ்ந்துபோனார். "முள்ளை எப்போ தூக்கணும்?"

"நொச்சி தரையைத் தட்டுவாளுங்க, அப்போ."

பெரியண்ணன் கன்றை விட்டுத் தள்ளிப்போய்ப் புதரோரம் சுருண்டு படுத்தார். பூவாத்தாள் முள்மேல் பஞ்சைப் பரப்பிவிட்டு மகனோடும் நொச்சியோடும் புல்லில் ஒட்டிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. தரகர் வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். மான்கன்றுக்கு ஒரு அடி தள்ளித்தான் போனார். அதுகூட அவருக்குத் தெரியவில்லை. பூவாத்தாளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நொச்சியின் காது மட்டும் அவரோடு கூடவே போனது. அவர் பின்னங்காலை மடக்கும்போது புல் நசுங்கியது அவளுக்குக் கேட்டது.

தட், தட்.

பெரியண்ணன் முள்ளைத் தூக்கினார். தரகர் பாய்ந்து, வாய் நிறையக் கவ்வினார்.

"கலர் எப்படிங்க?" என்று கேட்டார் பெரியண்ணன்.

பதில் சொல்ல வாயில் இடம் இல்லை. பஞ்சும் முள்ளுமாக நரி மலைக்கு அந்தப் பக்கம் ஓடியது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அதை யாரும் தரகர் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தேனம்மா ஒரு சருகைக் கவ்விக்கொண்டு வந்து நொச்சியின் பின்னால் போட்டாள். சருகு தரையைத் தொடும் முன்னே நொச்சியின் காது திரும்பிவிட்டது. வெள்ளையப்பனுக்கும் போட்டாள். அவன் தும்பைப்பூ தின்றுகொண்டிருந்தான். இன்னொரு சருகு போட்டும் நிமிரவில்லை. நொச்சி தேனம்மாவோடு போனாள். அவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான்.

பூவாத்தாளுக்கு மட்டும் பயம் போகவில்லை. தினமும் மாலையானால் வெள்ளையப்பனுக்குச் சேறு பூசுவாள். பிறகு மண் நிறக் குட்டிகளுக்கும் பூசுவாள். மாரப்பனைப் பிடித்து நிறுத்தி அவனுக்கும் பூசுவாள். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் தானும் சேற்றில் ஒரு முறை புரண்டுவிட்டுத்தான் வளைக்குள் போவாள்.

காவலுக்கு ஆள் எடுக்கும்போது காதைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தால், அதில் லாபம் நரிக்கு மட்டும்தான்.