மணியடித்த நடுவர்

எட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் கூடியிருந்தார்கள். செயற்கை நுண்ணறிவு சமூகத்தை என்ன செய்யும் என்பதுதான் கருத்தரங்கின் தலைப்பு. ஆனால் எங்கே பேசவிட்டார்கள்? தலைவர் பேராசிரியர் சிவசைலம், தானே உருவாக்கிய நடுவர் கருவியை மேடையில் வைத்திருந்தார். பேச்சு தலைப்பைவிட்டு விலகினால் அது மணியடிக்கும். அடித்தால் இறங்கிவிட வேண்டும். இயந்திரம் வந்து தன் அக்காவின் வேலை போனதைச் சொன்னவனுக்கும் மணியடித்தது. அடுத்த வருஷம் வாய்மொழித் தேர்வுக்கே இதுதான் மதிப்பெண் போடும் என்று வேறு பேராசிரியர் அறிவித்தார்.

கடைசியாகச் சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரிப் பாக்கியசெல்வி மேடையேறினாள். "கருவி தப்பு பண்ணினா, சார்?"

"ரெண்டு நிமிஷம் தர்றேன். ஒரு தப்பைக் காட்டும்மா, திட்டத்தையே கைவிடுறேன்."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எனக்கு ஏது சார் அவ்வளவு அறிவு? என் நேரத்துல நீங்களே பேசிக் காட்டுங்க, கத்துக்கிறோம்."

சிவசைலம் பூரிப்போடு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மாண்பமை துணைவேந்தர் அவர்களே..."

மணி அடித்தது.

"முன்னிலை வகிக்கும் பதிவாளர் அவர்களே..."

மறுபடியும் அடித்தது. மேடையில் ஏழு பேர். மாணவர்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஏழாவது முறை மணி அடித்ததும் அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"சபை மரியாதைக்கெல்லாமா மணியடிக்கும்? இது தப்பு!"

பாக்கியசெல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நன்றி சார். என் ரெண்டு நிமிஷத்துல இன்னும் நாற்பது விநாடி மிச்சமிருக்கு."