ஜெர்மனியைத் திருத்திய கஸ்பார்

கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைக் கூப்பிடப் போகிறவன் ஒரு மக்ரூன் பொட்டலமாவது கொண்டுபோவான். என் சகலை கஸ்பார் வாயை மட்டும் கொண்டுவந்தான். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஆறு மாதம் கடல், ஆறு மாதம் புளுகு. விருந்தாளிகள் முன்னால் பெண்டாட்டி செல்சியை எடுத்தெறிந்து பேசியதில் அவள் மணப்பாட்டுக்கு, தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். "மரியாதையா ஒரு வார்த்தை கேக்கட்டும், அந்த நிமிஷமே அனுப்புதேன்" என்று மாமனார் மிக்கேல் என்னிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வழியெல்லாம் இவனுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தேன்.

மாமனார் சும்மா ஒரு பேச்சுக்கு, "கப்பல் வேலையெல்லாம் எப்படிப் போவுது மருமவனே?" என்று கேட்டார். என் கெட்ட நேரம்.

"கப்பல் கெடக்கட்டும் மாமா, பாஷையைக் கேளுங்க. பிரான்சுக்காரன் பேச்சுல நாற்காலி பொம்பளை. தெரியுமா? 'அம்மா, உக்காரட்டுமா'ன்னு கேக்காம நான் உக்காந்ததே கிடையாது. அந்த மரியாதைக்கு, நான் உள்ள காலை வச்சாலே நாற்காலியெல்லாம் தானா நகர்ந்து வந்து பின்னால நிக்கும்."

"எங்க வீட்டு நாற்காலி ஒண்ணும் அசையலையே?" என்றான் மச்சினன் தொம்மை.

"அதுக்குப் பிரெஞ்சு தெரியாதுல்லா மச்சான். பம்பாய்க்கு வாரும். இந்திக்காரனுக்கு மீசை பொம்பளை."

தொம்மை தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"துறைமுகத்துல ஒரு ஹவில்தார். மீசை காது வரைக்கும் நிக்கும். நான் அவரை விட்டுட்டு, 'நல்லா இருக்கியாம்மா'ன்னு மீசையை விசாரிச்சேன். வெக்கப்பட்டு அப்படியே தலையைக் குனிஞ்சிட்டு! மனுசன் எண்ணெய் போட்டாரு, மெழுகு போட்டாரு, நிமிரலை. மறுபடி நான் போய்ச் சமாதானம் சொன்ன பிறகுதான் நிமிர்ந்துச்சு."

"மீசையைச் சமாதானம் பண்ணத் தெரியுது" என்று சொல்லிவிட்டு மாமனார் செல்சி இருந்த உள்ளறைத் திரைப் பக்கம் பார்த்தார். நல்ல இடமாகத்தான் எடுத்துக் கொடுத்தார். நான் கஸ்பாரின் தொடையில் கிள்ளினேன். கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டான்.

"ஜெர்மனி இன்னும் மோசம் மாமா. ஸ்பூன் ஆம்பளை, முள்கரண்டி பொம்பளை, கத்தி ரெண்டுலயும் சேத்தி இல்ல. இது தெரியாம ஹாம்பர்க்ல வச்சு ஸ்பூனையும் முள்கரண்டியையும் ஒரே டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். மறுநாள் திறந்தா, டிராயர் நிறைய டீஸ்பூன்!"

"ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" மாமனார் முகம் அசையவில்லை.

"பின்ன? கேப்டன்தான் ஞானத்தகப்பன்."

திரைக்குப் பின்னால் செல்சி சிரித்துவிட்டாள். தெளிவாகவே கேட்டது. காரியம் பழம்தான் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே நிறுத்தியிருந்தால் அவன் கஸ்பார் இல்லையே.

"இதெல்லாம் கூட போவட்டும் மாமா. அந்த நாட்டுல பொட்டப்பிள்ளையை என்னன்னு சொல்லுதான் தெரியுமா? 'அது'ங்கான்! ஸ்பூனு ஆம்பளையாம், பெத்த மவ 'அது'வாம்! எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. கையில கரண்டியோட நேரா அவங்க பாராளுமன்றத்துக்குள்ள போயிட்டேன். 'லேய், உங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி கிடையாதா? உசுரும் மானமும் உள்ள ஒருத்தியைச் சாமான் மாதிரி அதுங்கியளே, நாக்கு கூசலையா?'ன்னு ஒரு சத்தம். மந்திரிமாரெல்லாம் மேசைக்கு அடியில! அந்த ஊருப் பொம்பளைங்க அம்புட்டு பேரும் துறைமுகத்துக்கு வந்து மாலை போட்டாங்க. மாலைப் பாரத்துல கப்பல் கழுத்தளவு தண்ணிக்குள்ள இறங்கிட்டு!"

"சத்தம் போட்டது எந்த பாஷையில?" என்றான் தொம்மை.

"கோவத்துக்கு ஏது வே பாஷை?"

கஸ்பாரின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. நான்கூட நம்பித் தொலைத்தேன். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல? கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். உட்கார்ந்திருந்த பெஞ்சில் கால்மேல் கால் போட்டபடியே சொன்னான்.

"சரி மாமா, பஸ்ஸு போயிரும். அதைக் கிளம்பச் சொல்லுங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன, எல்லாரும் முழிக்கிய? அதைத்தான், அதைக் கிளம்பச் சொல்லுங்க" என்றான் மறுபடியும்.

செல்சி திரையை விலக்கிக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எந்திரிங்க. இந்த வீட்டுல 'அது'ன்னு இருக்கது நீங்க உக்காந்திருக்க பெஞ்சு ஒண்ணுதான். தூக்கிட்டுக் கிளம்புங்க, பஸ்ஸு போயிரும்."