பத்து பதினேழுக்குப் பிறகு

"நான் இதுக்கு லாயக்கில்லீங்க மேடம்."

சொல்லிவிட்டுத் தெய்வானை விண்ணப்பப் பாரத்தை மேசையில் வைத்தாள். அதில் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

தெய்வானைக்கு நாற்பத்தொரு வயது. கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக மோட்டாருக்குள் வைக்கிற செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலைச் சுற்றியவள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. தினம் தினம் சுற்றுகிற இந்தக் காயிலுக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரியாமல் செத்துப்போகக் கூடாது என்று ஒருநாள் அவளுக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பிரிட்ஜ் கோர்ஸ் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அதில் படித்துத் தேறினால், நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம். தெய்வானை தேறியும்விட்டாள். இயற்பியலில் சேரப் பாரம் கொடுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. கம்பெனி சூப்பர்வைசரோ, படிக்கப் போட்ட லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று வியாழன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நிலோபர், பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தியவள். இருபத்தெட்டு வயதுதான். அவளுடைய வகுப்பில் பாதிப் பேரை அவள் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும்.

"என்னக்கா ஆச்சு?"

"இங்க ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ, மூணு தடவ கேட்டுத்தானுங்க நான் படிச்சேன். நீங்களும் சலிச்சுக்காம சொல்லிக் குடுத்தீங்க."

"சரி."

"அங்க இருக்கறதெல்லாம் கேக்காமயே புரிஞ்சுக்கற புள்ளைங்க. அதுங்களுக்கு நடுவுல நான் போயி உக்காந்தா மானம் போயிருமுங்க."

நிலோபர் மறுத்துப் பேசவில்லை. தைரியமும் சொல்லவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு மெயின் பில்டிங்ல முதல் வருஷ வகுப்பு இருக்கு. உங்க காயில் பாடம்தான். புரொபசர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். போய் உக்காருங்க."

"உக்காந்து?"

"எப்பப் புரியாமப் போகுதோ, அந்த நேரத்தைக் குறிச்சுட்டு வாங்க."

அவ்வளவுதான். நிலோபர் அடுத்த தாளைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தெய்வானை போனாள். கடைசிப் பெஞ்சு. எதிரே அறுபது முதுகுகள், எல்லாம் அவள் மகள் வயசு. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

புரொபசர் நல்ல மனுஷர்தான். என்ன, பாடத்தை மாணவர்களுக்கு நடத்தாமல் கரும்பலகைக்கு நடத்துவார்.

காந்தத்தை ஆட்டினால் காயிலில் மின்சாரம் பிறக்கும் என்றார். தெய்வானைக்கு உள்ளே ஜில்லென்றது. அட, இது நம்ம சங்கதியாச்சே!

அடுத்து ஒரு சமன்பாடு எழுதினார். அதன் முன்னால், போகிற போக்கில், ஒரு மைனஸ் குறியைப் போட்டார்.

அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று தெய்வானைக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எதுவுமே விளங்கவில்லை.

மணியைப் பார்த்து ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் புரொபசர் திரும்பி, "எனி டவுட்?" என்றார். ஒரு சத்தமும் இல்லை. சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

தெய்வானை விறுவிறுவென்று வந்து சீட்டை நிலோபர் முன்னால் போட்டாள். கண் கலங்கியிருந்தது.

"பத்து பதினேழு. போதுமுங்களா? ஒரு மணி நேர வகுப்புல பதினேழு நிமிஷம்தான் நம்ம வண்டி ஓடுச்சு. நான் அப்பவே சொன்னேனில்லீங்க?"

நிலோபர் சீட்டைப் பார்த்தாள்.

"யாராவது எழுந்து கேட்டாங்களாக்கா?"

"எதுக்குக் கேக்கறாங்க? அதான் எல்லாருக்கும் புரிஞ்சுதே."

"புரிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க! ஒருத்தரும் தலையே நிமிரலீங்க. விடாம எழுதிட்டே இருந்தாங்க."

"பத்து பதினேழுக்கு அப்புறம் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"நானுமுங்க... சும்மா இருந்தா நல்லாருக்காதுன்னு, எழுதிட்டு..."



"உங்க பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

"ஒரு கண்ணாடிக்காரப் புள்ள."

"உங்களைப் பாத்து அந்தப் புள்ள என்ன நினைச்சிருக்கும்?"

தெய்வானை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நேற்று மேசையில் விட்டுப்போன பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, பெயர் என்று போட்டிருந்த இடத்தில் பெயரை எழுதினாள். முழுதும் எழுதி முடித்தாள். ஆபீசில் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டாள்.

அந்தப் பாடத்தின் மிச்சம் பிற்பகல் இரண்டு மணிக்கு இருந்தது.

தெய்வானை அதே பெஞ்சில், அதே பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புரொபசர் அதே சமன்பாட்டை, அதே மைனஸோடு, அதே வேகத்தில் எழுதினார். அறுபது தலைகள் குனிந்தன.

எழுந்து நின்றாள். சிரித்தால் சிரிக்கட்டும், மானம் போனால் போகட்டும்.

"சார், மன்னிச்சுக்குங்க. அந்த மைனஸ் எங்கிருந்துங்க வந்துச்சு? எனக்குப் புரியலீங்க."

புரொபசர் கரும்பலகையை விட்டுத் திரும்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்பாடா," என்றாள்.